ஒஸ்லோ சலூனும் உலகச் சந்தையும்

ஒஸ்லோ,
சித்திரை மாதம்

அன்பின் பெறாமகள் ஆரணிக்கு,

பெரியப்பா எழுதுவது. போன ஞாயிறு நீ கேட்ட கேள்விக்கு நான் வாய் திறக்க முதல் உன் அம்மா தொலைபேசியை வாங்கிக் கலியாணக் கதை தொடங்கிவிட்டா. எழுதுவதும் நல்லதுதான். ஆறுதலாகச் சொல்லலாம், விளங்காத இடத்தில் நீ பென்சிலால் கோடு போட்டு வைக்கலாம்.

ஒஸ்லோவில் ஒருவர் முடி வெட்டக் கொடுக்கும் காசில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீடே பல மாதம் முடி வெட்டலாம் போலிருக்கிறதே, இரண்டு இடத்திலும் ஒரே கத்தரிக்கோல், ஒரே அரை மணித்தியாலம், பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டாய். “அங்கே எல்லாமே விலைதானே” என்று சனம் சொல்லும். அது உன் கேள்வியையே திருப்பிச் சொல்வது. “அங்கே சம்பளம் கூட” என்பது அடுத்த பதில். சரி, ஏன் கூட? நோர்வேக்காரர் எங்களைவிடக் கடுமையாக உழைப்பவர்கள் என்று சொல்ல வருகிறவரிடம் எனக்கு ஒரு பதில் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் வடக்கே ஃபின்மார்க்கில், போட்ஸ்ஃபியோர்டு என்ற மீன்பிடி ஊரில், எங்கள் பெடியள் வரிசையாக நின்று கொட் மீன் வெட்டினார்கள், நானும் வெட்டினேன். விமானம் ஏறும்போது இருந்த அதே இரண்டு கைதான் இறங்கும்போதும் இருந்தது. சம்பளம் மட்டும் பல மடங்காகியிருந்தது.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டினேன். ஒரு பஸ்ஸுக்கு ஒரு சாரதி. சேர்ந்த நாளிலும் அப்படித்தான், ஓய்வு பெற்ற நாளிலும் அப்படித்தான். வீதியில் சமிக்ஞை விளக்குகள் கூடியதால் பஸ் முன்பைவிட மெதுவாகத்தான் போனது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் வசந்தம் வர என் மணித்தியாலச் சம்பளம் ஏறியது. நான் கூட உழைக்கவில்லை என்றால் அந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது? சலூன் கேள்விக்கும் இதற்கும் விடை ஒன்றுதான்.

உன் பாடப்புத்தகம் சிறிய திறந்த பொருளாதாரம் என்று எழுதும்போது சனத்தொகையை எண்ணவில்லை. வெளிநாட்டில் விற்கிற பொருளுக்கு உலகம் சொல்லும் விலையை ஏற்கத்தான் வேண்டும், தான் விலை சொல்ல முடியாது என்ற நிலையில் இருக்கும் நாடு என்பதுதான் கருத்து. ஐம்பத்தைந்து லட்சம் பேர் இருக்கும் நோர்வே அலுமினியத்துக்கோ கடதாசிக்கோ விலை சொல்ல முடியாது. இலங்கை ஆடைக்கு விலை சொல்ல முடியாது. விதிவிலக்கு இருக்கிறது: உலகில் வளர்க்கப்படும் அத்திலாந்திக் சால்மன் மீனில் பாதிக்கு மேல் நோர்வேயுடையது, நல்ல கறுவாவில் பெரும் பங்கு இலங்கையுடையது. அவற்றில் கொஞ்சம் குரல் உண்டு. ஆனால் சால்மனையும் கறுவாவையும் வைத்து முழு நாட்டின் சம்பளத்தையும் விளக்க முடியாது.

1966-ல் நோர்வேயில் அந்த வருடச் சம்பளப் பேச்சுக்கு உதவுவதற்காக அரசு ஒரு சிறு நிபுணர் குழுவை அமர்த்தியது. அதை நடத்தியவர் ஒட் அவ்க்ருஸ்ட். புள்ளிவிபரப் பணியகத்தில் ஆய்வுத் தலைவராக இருந்தவர். நாட்டின் கணக்கைத் துறை துறையாகப் பிரித்து எழுதிப் பழகிய மனிதர். அந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது. நாட்டை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் திறந்த துறை: வெளிநாட்டில் விற்கிறவர்களும், உள்நாட்டில் விற்றாலும் இறக்குமதிச் சாமானோடு போட்டி போடுகிறவர்களும். உலோகம், கடதாசி, கப்பல், இயந்திரம். மறுபக்கம் காப்புள்ள துறை: சலூன், பஸ், கட்டட வேலை, பாடசாலை, வைத்தியசாலை. நோர்வேயில் விவசாயமும் இந்தப் பக்கந்தான், ஏனென்றால் வெளிநாட்டுப் பாலும் இறைச்சியும் உள்ளே வராமல் வரி மறித்து நிற்கிறது. கமக்காரர் இன்றைக்கும் தங்கள் விலைக்காகவும் மானியத்துக்காகவும் வசந்த காலத்தில் அரசோடு மேசையில் இருந்து பேரம் பேசுகிறார்கள்.

பிரித்ததும் அவர் கண்ட விசயத்தை நீ மனதில் நன்றாகப் பதித்துக்கொள். திறந்த துறையில் விலை முதலில் வருகிறது, சம்பளம் பிறகு வருகிறது. காப்புள்ள துறையில் சம்பளம் முதலில், விலை பிறகு. அலுமினிய ஆலை முதலாளி உலக விலையைப் பார்க்கிறார். அப்போது ஒரு டொலருக்கு 7.14 குரோணர் என்று 1949 முதல் கட்டி வைத்திருந்தார்கள், அதனால் பெருக்கினால் வருமானம் தெரியும். ஒரு ஆள் எத்தனை தொன் செய்கிறார் என்று பார்க்கிறார். மிச்சம் எவ்வளவு சம்பளமாகக் கொடுக்கலாம் என்பது அங்கேயே முடிந்துபோகிறது. சலூன்காரருக்கு உலக விலை என்று ஒன்று இல்லை. தன் வேலையாளுக்கு என்ன கொடுக்க வேண்டுமோ, அதன் மேல் வாடகையையும் லாபத்தையும் வைத்துப் பலகையில் விலை எழுதுகிறார். அவருடைய வேலையாளுக்கு என்ன கொடுக்க வேண்டும்? ஆலைக்குப் போனால் கிடைக்கக்கூடியதற்குக் கிட்டவாவது கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த தலைமுறையில் முடி வெட்டப் பழக ஆள் வராது.

ஆகவே ஒஸ்லோ சலூன் பலகையில் இருக்கும் விலையை எழுதியது முக்கால்வாசி ஒரு உலோக ஆலை. யாழ்ப்பாணத்துச் சலூன்காரர் ஒஸ்லோக்காரரைவிடத் திறமை குறைந்தவர் இல்லை. அவர் கடையை மூடினால் போகக்கூடிய வேறு வேலை என்ன சம்பளம் தருமோ, அதுதான் அவர் பலகையில் இருக்கிறது. பஸ் ஓட்டிய என் சம்பளத்தை ஏற்றியதும் நான் கண்ணாலும் காணாத யாரோ ஒரு இயந்திர ஆலைத் தொழிலாளியின் உற்பத்திதான்.

இப்போது கொப்பியை எடு. இலக்கங்கள் நான் கணக்குக்காகப் போடுபவை. உலக விலை வருடத்துக்கு 2 சதவீதம் கூடுகிறது. ஆலையில் புது இயந்திரம் வந்து ஓர் ஆளின் உற்பத்தி 4 சதவீதம் கூடுகிறது. இரண்டையும் கூட்டினால் 6. ஆலை லாபத்தின் பங்கு கெடாமல் 6 சதவீதச் சம்பள உயர்வைத் தாங்கும். சலூனும் பஸ்ஸும் அதே 6-ஐக் கொடுக்கின்றன; ஆனால் அங்கே உற்பத்தி 1 சதவீதந்தான் கூடியது. ஆகவே அங்கே விலை 5 சதவீதம் ஏறும். குடும்பச் செலவில் பாதி திறந்த துறைச் சாமான், பாதி காப்புள்ள துறைச் சேவை என்று வைத்தால் மொத்த விலையேற்றம் 2-க்கும் 5-க்கும் நடுவே, 3.5.

உலகத்தில் 2, இங்கே 3.5. பத்திரிகைக்காரர் உடனே குற்றவாளி தேடுவார். சங்கம் பேராசை பிடித்தது என்பார் ஒருவர், வியாபாரி கொள்ளையடிக்கிறான் என்பார் மற்றவர். ஆனால் மேலே உள்ள கணக்கில் ஒருவரும் ஒன்றும் பிழையாகச் செய்யவில்லை. ஆலை போட்டியில் தோற்கவில்லை, தொழிலாளியின் கையில் 6 வந்து விலை 3.5 தான் ஏறியது, சலூன்காரரும் தன் பங்கைப் பெற்றார். திறந்த துறையின் உற்பத்தி வேகமாக வளருகிற நாட்டில் சேவைகள் விலை கூடுவது இயல்பு. 1964-ல் பெலா பலாசாவும் போல் சாமுவெல்சனும் தனித்தனியாக இதையே நாடுகளுக்கிடையிலான விலை வித்தியாசத்துக்குப் பயன்படுத்தி எழுதினார்கள். பரீட்சைக்கு அந்தப் பெயர்கள் உதவும்.

அடுத்த கணக்கு: ஒழுங்கு தலைகீழானால் என்ன? காப்புள்ள துறை முன்னுக்குப் போய் 9 சதவீதம் வாங்குகிறது என்று வை. அங்கே கவலை இல்லை, விலையை 8 ஏற்றிவிடலாம். ஆலைத் தொழிலாளியும் 9 கேட்பான். கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் ஆலையின் இடம் 6 தான். மிச்சம் 3 லாபத்தில் இருந்து போகிறது. ஒரு வருடம் தாங்கும், இரண்டு வருடம் தாங்கும், பிறகு புது இயந்திரம் வாங்குவது நின்று, ஆலை மூடும். மூடிய ஆலையின் கதவை ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்க முடியாது. அதன் சாமானை வாங்கியவர்கள் வேறு நாட்டு ஆலைக்குப் போயிருப்பார்கள்.

அதனால்தான் இங்கே பேச்சுவார்த்தைக்கு ஒரு வரிசை இருக்கிறது. வசந்தத்தில் முதலில் மேசையில் இருப்பது உலோகத் தொழிலாளரின் சங்கமும் அந்தத் தொழில் முதலாளிகளும். அவர்கள் முடிக்கிற இலக்கம் வந்த பிறகுதான் சாரதிகள், கடைக்காரர், தாதிமார், ஆசிரியர் என்று மற்றவர்கள் வருவார்கள். ஊர்த் தேரில் வடத்தின் முன்நுனியில் நிற்கிறவர் நடக்கிற வேகந்தான் தேரின் வேகம், அது மாதிரி. 1967 முதல் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. பேச்சு தொடங்க முதல் தொழிற்சங்கங்கள், முதலாளிகள், அரசு, புள்ளிவிபரக்காரர் எல்லாரும் இருக்கும் ஒரு கணக்கீட்டுக் குழு, போன வருடம் சம்பளம் எவ்வளவு ஏறியது, விலை எவ்வளவு ஏறும், போட்டி நாடுகளில் என்ன நடந்தது என்று ஒரே அறிக்கையை வெளியிடும். அதற்குப் பிறகு பங்கைப் பற்றிச் சண்டை பிடிக்கலாம்; இலக்கத்தைப் பற்றிச் சண்டை இல்லை. நான் சங்கக் கூட்டங்களுக்குப் போய் வந்தவன். எங்கள் நாட்டுக்கு இங்கிருந்து ஒன்றைக் கொண்டுபோகச் சொன்னால் பனிச்சறுக்கலை விட்டுவிட்டு இந்தக் குழுவைக் கொண்டுபோவேன்.

சுவீடனில் இந்த எண்ணத்தை இன்னும் விரித்து எழுதிய மூன்று பேர் எட்கிரேன், ஃபாக்சேன், ஓட்னர். ஒருவர் அலுவலக ஊழியர் சங்கத்தின் பொருளியலாளர், ஒருவர் முதலாளிகளின், ஒருவர் தொழிலாளர் சங்கத்தின். எதிரெதிர்ப் பக்கத்தார் சேர்ந்து 1970-ல் ஒரு புத்தகம் போட்டார்கள். ஆனால் அதே சுவீடனில் 1983-ல் உலோகத் துறையே பொதுப் பேச்சை விட்டுத் தனி ஒப்பந்தம் செய்தது, ஒருவரை ஒருவர் முந்தும் ஓட்டம் தொடங்கியது, 1992 நவம்பரில் அவர்கள் நாணயத்தை மிதக்கவிட வேண்டி வந்தது. 1997-ல் கைத்தொழில் உடன்படிக்கை என்ற பெயரில் பழைய வரிசையைத் திரும்பக் கட்டினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் புத்தகத்தில் இது நீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி தானாக நடக்கிற காரியம் போல இருக்கும். அப்படி இல்லை. ஆட்கள் கூடி ஒத்துக்கொண்டு காப்பாற்றினால்தான் நடக்கும்.

இனி மீன் வெட்டிய கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஒழுங்கின் கசப்பான பக்கத்தை அங்கேதான் பார்த்தேன். மீன் பதனிடுவதும் திறந்த துறைதான். இங்கிலாந்துக் கடையில் என்ன விலையோ அதுதான் விலை. ஆனால் கொட் மீனைக் கத்தியால் வெட்டும் கையின் உற்பத்தி, இயந்திர ஆலையில் ஏறுகிற மாதிரி ஏறாது. சம்பளமோ நாடு முழுக்க ஏறுகிற மாதிரி ஏறும். உலோக ஆலைக்கு 6 தாங்கும். மீன் தொழிற்சாலைக்கு 3 தான் தாங்கும் என்றால் யார் விட்டுக்கொடுப்பது? யாழ்ப்பாணத்தில் என்றால் மீன் தொழிலாளி 3 வாங்கிக்கொண்டு இருந்திருப்பான். இங்கே தொழிற்சாலைதான் மூட வேண்டும். சுவீடனின் ரேன், மைட்னர் என்ற இரண்டு சங்கப் பொருளியலாளர் 1951-லேயே இதை வெளிப்படையாகச் சொன்னார்கள்: ஒரே வேலைக்கு எல்லா இடத்திலும் ஒரே சம்பளம், தாங்காத நிறுவனம் மூடட்டும், அரசு ஆளைப் பயிற்றி, தாங்கும் நிறுவனத்துக்கு அனுப்பட்டும்.

1989-ல் கொட் மீன் குறைந்து பிடிக்கும் அளவை வெட்டினார்கள். ஃபின்மார்க்கில் பல ஊர்களில் வேலை இல்லாமல் போனது. மீன் திரும்பி வந்தது. மீன் வெட்டும் வேலை அந்த அளவுக்குத் திரும்பி வரவில்லை. நோர்வேக் கடலில் பிடித்த மீன் உறைந்தபடி சீனாவுக்குப் போய், அங்கே வெட்டுப்பட்டு, ஐரோப்பாவுக்குத் துண்டாகத் திரும்பி வரத் தொடங்கியது. அவ்வளவு கடல் தூரத்தின் கப்பல் கூலியைக் கொடுத்தாலும் லாபம். எங்கள் சனம் மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி ஒஸ்லோவில் துப்புரவு, முதியோர் இல்லம், பஸ், சமையலறை என்று காப்புள்ள துறைக்குள் வந்து சேர்ந்தது. மிஞ்சியிருந்த தொழிற்சாலைகளுக்கு 2004-க்குப் பிறகு போலந்து, லித்துவேனியா ஆட்கள் வந்தார்கள். நோர்வேயில் எல்லாருக்கும் பொதுவான சட்டச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஆனால் 2015-ல் மீன் பதனிடும் தொழிலுக்குச் சங்க ஒப்பந்தத்தின் அடிச் சம்பளம் சங்கத்தில் இல்லாதவருக்கும் செல்லும் என்று ஆக்கினார்கள். கீழே இருந்து ஒழுங்கு கரையாமல் போட்ட அணை அது.

எண்ணெயை நான் இதுவரை சொல்லவில்லை என்று நீ யோசிப்பாய். நோர்வே என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது அதுதான். 1969-ல் எக்கோஃபிஸ்க் வயல் கிடைத்தது. எண்ணெயும் உலக விலைக்கு விற்கிற பொருள்தான். ஆனால் அதில் வரும் காசு ஆட்களின் உற்பத்தியால் வருவது குறைவு, நிலத்துக்கு அடியில் கிடந்ததால் வருவது கூட. அந்தத் துறை தாங்கக்கூடிய சம்பளத்தை நாடு முழுக்கப் பின்பற்றினால் உலோகமும் கப்பலும் மீனும் அடுத்தநாளே படுத்துவிடும். ஒல்லாந்துக்காரருக்கு 1959-ல் குரோனிங்கனில் எரிவாயு கிடைத்த பிறகு இப்படித்தான் கைத்தொழில் நலிந்தது. ஒரு ஆங்கில வார இதழ் 1977-ல் அதற்கு ஒல்லாந்து நோய் என்று பெயர் வைத்தது.

நோர்வேயும் எழுபதுகளில் அந்த வழியில்தான் கால் வைத்தது. எண்ணெய் வரப்போகிறது என்ற தைரியத்தில் சம்பளமும் அரசுச் செலவும் முன்னால் ஓடின. 1978 செப்டெம்பரில் விலையையும் சம்பளத்தையும் சட்டத்தால் உறையவைக்க வேண்டி வந்தது. 1986-ல் எண்ணெய் விலை விழுந்தது, மே மாதம் குரோணரின் மதிப்பை இறக்கினார்கள், 1988-ல் சம்பள உயர்வுக்குச் சட்டத்தால் உச்சவரம்பு வைத்தார்கள். 1993-ல் வேலையின்மை 6 சதவீதத்துக்குப் போனது. இங்கே அது பெரிய அதிர்ச்சி. வேலையின்மை ஏறிக்கொண்டிருந்தபோதே முன்னாள் நிதியமைச்சர் பேர் கிளெப்பே தலைமை தாங்கிய குழு ஒன்று சங்கங்களோடும் முதலாளிகளோடும் உட்கார்ந்து, சம்பள உயர்வைப் போட்டி நாடுகளைவிடக் குறைவாக வைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதம் வாங்கியது. எண்ணெய்க் காசை ஒரு நிதியத்தில் போட்டு, அதை முழுக்க வெளிநாட்டிலேயே முதலிடும் வழக்கம் 1996-ல் முதல் தவணையோடு தொடங்கியது. ஆண்டுக்கு அதில் சுமார் 4 சதவீதந்தான் செலவழிக்கலாம் என்று 2001-ல் விதி வைத்து, 2017-ல் அதை 3 ஆக்கினார்கள். காசு உள்ளே வந்தால் சலூன், வீடு, கட்டட வேலை எல்லாம் விலையேறி, ஆலையில் இருந்து ஆளை இழுக்கும் என்ற பயம்தான் அதை வெளியே வைத்திருப்பதற்குக் காரணங்களில் ஒன்று. நல்ல பயம்.

நாணயத்தின் மதிப்பை இறக்குவதைப் பற்றி உன் புத்தகம் ஏற்றுமதி பெருகும் என்று மட்டும் எழுதியிருக்கும். நம்முடைய கணக்கில் போட்டுப் பார். வெளிநாட்டுக் காசின் விலை 10 சதவீதம் ஏறும்படி மதிப்பை இறக்கினால் திறந்த துறையின் விலை உள்நாட்டுக் காசில் 2-உம் 10-உம் சேர்ந்து 12 ஏறும். உற்பத்தி 4-ஐயும் கூட்டினால் 16 சதவீதச் சம்பள உயர்வுக்கு இடம் வந்துவிட்டது. தொழிலாளர் அந்த 16-ஐயும் வாங்கிவிட்டால் சலூன் 15 ஏறும்; ஒரு வருடத்தில் எல்லாரும் பழைய இடத்தில், இலக்கம் மட்டும் பெரிதாக. மதிப்பிறக்கம் பயன் தர வேண்டுமென்றால் சம்பளம் பின்தங்க வேண்டும். அதாவது அது ஒரு சம்பளக் குறைப்பு, யாரும் வாய்விட்டு அறிவிக்காத குறைப்பு.

குரோணர் இப்போது மிதக்கிறது, அதனால் இந்தக் காரியம் அரசு முடிவெடுக்காமலே நடக்கிறது. 2022-ல் உலோகத் துறை முடித்த உயர்வு 3.7 சதவீதம்; அந்த வருடம் விலை ஏறியதோ 5.8. குரோணர் மெலிந்ததால் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு நல்ல வருடம். அந்த லாபத்தின் பங்கு தொழிலாளிக்கு வரவில்லை. 2023 ஏப்ரலில் பெரிய வேலைநிறுத்தம் வந்து, சில நாட்களில் 5.2-க்கு முடிந்தது. அந்த வருட விலையேற்றம் 5.5. இத்தனை ஒழுங்குள்ள நாட்டிலும் கணக்கு நேராவதற்கு வருடங்கள் எடுக்கின்றன.

இந்த ஒழுங்கின் மேல் எனக்குள்ள குறையையும் சொல்லிவிட வேண்டும். முன்னால் போகிறவர் முடிக்கிற இலக்கம் ஒரு சராசரி என்று காகிதத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதுதான் கூரை. ஆசிரியர்கள் பல வருடம் அந்தக் கூரைக்குக் கீழேயே வாங்கி, 2022-ல் கோடை தொடங்கி செப்டெம்பர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு கட்டாய நடுத்தீர்ப்பால் அதை முடித்துவைத்தது. படித்த ஆசிரியர் பாடசாலைகளுக்குப் போதவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர்களுக்கு ஒரு படி கூடக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள், தேர் சரியும் என்ற பதில். ஆள் தட்டுப்பாடு உள்ள இடத்தில் சம்பளம் ஏறட்டும் என்று சந்தை சொல்வதை இந்த ஏற்பாடு கேட்க மறுக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு. அதைப் பிள்ளைகள் வகுப்பறையில் கொடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, துறைகளுக்கிடையில் உள்ள வேலி ஓரிடத்தில் நிற்பதில்லை. மின்சாரம் இங்கே ஆற்றுநீரில் பிறப்பது. வெகுகாலம் மலிவாக இருந்த சாமான். 2021-ல் ஜெர்மனிக்கும் பிரித்தானியாவுக்கும் கடலடி வடங்கள் வேலை செய்யத் தொடங்கின. அடுத்த வருடம் ரஷ்ய எரிவாயு நின்றபோது ஒஸ்லோவிலும் தெற்கிலும் மின்கட்டணம் பறந்தது. ஃபின்மார்க்கில் மலிவாகவே இருந்தது, ஏனென்றால் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் கம்பிகளுக்கு அந்தளவு சக்தி இல்லை. ஒரே நாட்டில் தெற்கு மின்சாரம் திறந்த துறைக்குப் போய்விட, வடக்கு மின்சாரம் பெரும்பாலும் காப்புக்குள்ளேயே கிடந்தது.

இப்போது உன் பக்கத்துக்கு வா. யாழ்ப்பாணத்தில் எண்ணெய் இல்லை என்று நினைக்காதே. நாங்கள் அனுப்பும் காசு அந்த வேலையைத்தான் செய்கிறது. ஊரில் ஒன்றையும் விற்காமல் வெளியே இருந்து வந்து சேர்கிற காசு அது. அதைக் கொண்டு காணி வாங்கலாம், மேல்மாடி கட்டலாம், கலியாண மண்டபம் எடுக்கலாம். மூன்றும் காப்புள்ள துறை. காணியை இந்தியாவில் இருந்து இறக்க முடியாது. அதனால் காணி விலையும் மேசனின் நாட்கூலியும் ஏறும். அதே மேசனின் தம்பி தோட்டத்தில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போடுகிறவன். அவனுடைய சாமான் இந்தியச் சாமானோடு போட்டி போடுவது. இறக்குமதி வரியை அரசு கூட்டினால் மூச்சு விடுவான், குறைத்தால் திணறுவான். அவன் தோட்டத்துக்குக் கூலியாள் பிடிக்கப் போனால் மேசன் வேலைக்குக் கொடுக்கிற கூலியோடு போட்டி போட வேண்டும். பிறகு, இந்தப் பெடியள் கமம் செய்யப் பஞ்சிப்படுகிறார்கள் என்று இங்கே இருந்து நாங்களே கதைப்போம்.

மலையகத்தில் தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி 2021-ல் சம்பளச் சபை மூலம் 1000 ரூபாய் ஆக்கப்பட்டது. அப்போது டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். ஆக ஐந்து டொலர். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள், இரண்டு மாதத்தில் டொலர் 360 அளவுக்குப் போனது. அதே 1000 ரூபாய் மூன்று டொலருக்கும் குறைவு. தேயிலை டொலருக்குப் போகிற சாமான். கொழும்பு ஏலத்தில் கிலோ விலை ரூபாயில் அந்த வருடம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. முந்தின வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் விளைச்சல் விழுந்திருந்தது, தோட்டக் கம்பனிகளுக்கு மற்றச் செலவுகளும் ஏறின, அதையும் எழுதி வைத்துக்கொள். ஆனாலும், இடம் இருந்ததா என்று ஒட் அவ்க்ருஸ்டின் கணக்கில் போட்டுப் பார்த்தால் கொஞ்சமாவது இருந்தது. சம்பளம் பின்தொடரவில்லை. 2024-ல்தான், பெரிய இழுபறிக்குப் பிறகு, அடிப்படை நாட்கூலி 1350 என்று வந்தது. அதற்குள் அரிசியும் மண்ணெண்ணெயும் எங்கேயோ போய்விட்டன. கொழும்பு விலைச் சுட்டெண் 2022 செப்டெம்பரில் ஒரு வருடத்துக்கு 70 சதவீதம் அளவு ஏறியிருந்தது.

ஏன் நோர்வேயில் திறந்த துறை முன்னே போகிறது, இலங்கையில் அதே துறையின் தொழிலாளி, தேயிலை கொய்கிறவளும் சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடை தைக்கிறவளும், வரிசையின் கடைசியில் நிற்கிறாள்? உற்பத்தி குறைவு என்று பாடப்புத்தகம் சொல்லும். அது ஒரு பகுதி. அவளுக்குப் போக வேறு இடம் இல்லை, பேசும் மேசையில் அவளுக்குக் கதிரை இல்லை என்பது மற்றப் பகுதி. நோர்வேக் கணக்கில் சம்பளம் உற்பத்தியைத் தொடர்ந்து வருவது இங்கே ஆட்கள் குறைவு, சங்கம் பலம் என்ற இரண்டு விசயங்களின் மேல் நிற்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் அதே சமன்பாடு லாபத்தை மட்டும் ஏற்றும். பரீட்சையில் இதை எழுதினால் புள்ளி கிடைக்குமோ தெரியாது, டீச்சரைக் கேட்டுக்கொள்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். மத்திய வங்கி வருடா வருடம் வெளியிடும் அறிக்கையில் கூலிச் சுட்டெண்கள் இருக்கின்றன: அரசு ஊழியருக்கு ஒன்று, முறைசார் தனியார் துறைக்கு ஒன்று, முறைசாராத் துறைக்கு ஒன்று. கடைசியானதை விவசாயம், கைத்தொழில், சேவை என்று உள்ளேயும் பிரித்திருப்பார்கள். 2020 தொடக்கம் 2024 வரை அவற்றை ஒரு தாளில் எழுது. பக்கத்தில் டொலரின் வருடச் சராசரி விலையையும் கொழும்பு விலைச் சுட்டெண்ணையும் எழுது. எது முதலில் அசைந்தது, எது கடைசியில் அசைந்தது, எது அசையவே இல்லை என்று சிவப்புப் பேனையால் குறித்து, படம் எடுத்து எனக்கு அனுப்பு. அரசு ஊழியரின் சுட்டெண்ணைக் குறிக்கும்போது அப்பாவையும் பக்கத்தில் இருத்திக்கொள். அவர் சம்பளச் சிட்டைகளை எறிகிற ஆள் இல்லை, சரிபார்க்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா